கப்பலை விட்டு இறங்கி வீடு சேர்வது எப்படி? வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துறைமுகம் நமக்குக் கூப்பிடு தூரம். ராயபுரத்திலோ காசிமேட்டிலோ மொட்டை மாடியில் ஏறி நின்றால் கிரேன்களின் தலை தெரியும். சொகுசுக் கப்பலில் போய்வருகிற நம் பக்கத்துக் குடும்பங்கள் திரும்பி வரும் நாளைப் பற்றிக் கவலையே படாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். "இதோ இருக்கிறது வீடு, ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம்" என்று ஒரு அலட்சியம். தாம்பரத்திலிருந்து வந்தவர் முதல் நாளே வண்டி பேசிவைத்து, இறங்கியதும் கிளம்பிவிடுகிறார். தண்டையார்ப்பேட்டைக்காரர் ஆளுக்கு இரண்டு பெட்டியோடு ராஜாஜி சாலை ஓரத்தில் வெயிலில் நிற்கிறார். வீடு கிட்டே இருப்பவர்தான் திரும்பும் நாளை அதிகமாகத் திட்டமிட வேண்டும் என்பது என் கட்சி.

2022 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளோடு புறப்பட்டது. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று போய்வரும் உள்நாட்டுப் பயணங்களோடு, 2023 ஜூனில் இலங்கைக்கும் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் போனது. இது ஒரு வகை. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கே கப்பல் ஏறி, மறுபடி விமானத்தில் மீனம்பாக்கம் வந்து இறங்குவது இன்னொரு வகை. இரண்டுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். வித்தியாசப்படும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் நாள் மாலை: கணக்கை முடியுங்கள்

திரும்பும் பயணம் கரையில் தொடங்குவதில்லை. கப்பலில் கடைசி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கப்பலில் காசு கையில் புழங்காது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையைக் காட்டினால் போதும், குளிர்பானம் முதல் புகைப்படம் வரை எல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகளிடம் தனி அட்டை இருந்தால் அந்தக் கணக்கும் உங்கள் தலையில்தான். கடைசி நாள் மாலையே வரவேற்பு மேசைக்குப் போய் அதுவரையிலான பில்லைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உங்களைப் போலவே தள்ளிப்போட்ட நூறு பேர் அங்கே வரிசையில் நிற்பார்கள். மேசையில் இருப்பவருக்கும் விசாரிக்க நேரம் இருக்காது. சந்தேகம் தீராமலே கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்க வேண்டிவரும்.

மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும். முதலாவது, குடிக்காத பானம்: அறையின் சிறு குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்த பாட்டிலும் கணக்கில் ஏறியிருக்கக்கூடும். இரண்டாவது, சேவைக் கட்டணம். சில கப்பல்களில் அதை டிக்கெட்டிலேயே சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பில்லில் போடுவார்கள். இரண்டு இடத்திலும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றாவது, முன்பணம். ஏறும்போது ரொக்கமாகக் கட்டியிருந்தால் மீதியை ரொக்கமாகவே அன்றிரவு கேட்டு வாங்கிவிடுங்கள். கிரெடிட் கார்டு கொடுத்திருந்தால் ஒரு தொகையை நிறுத்தி வைத்திருப்பார்கள். அது விடுபடச் சில நாள்கள் ஆகும். கையில் ஒரே ஒரு கார்டு, அதில் பாதி முடங்கிக் கிடக்கிறது என்ற நிலையில் ஊர் திரும்பாதீர்கள்.

கப்பல் புகைப்படக்காரர் எடுத்த படங்களை வாங்குவதென்றாலும் அன்று மாலைதான். விலை அதிகம். ஆனால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நின்று, இருவரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படம் நம் வீட்டு ஆல்பங்களில் எத்தனை இருக்கிறது? ஒன்று வாங்குங்கள், போதும்.

முதியவர்கள் கூட இருந்தால் அதே மேசையில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடுங்கள். இறங்கும் பலகை சாய்வாக இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. காலையில் கேட்டால் நாற்காலி கிடைக்கும், அதைத் தள்ள ஆள் கிடைப்பது கஷ்டம்.

பெட்டியை வெளியே வைக்கும் முன்

பெரிய கப்பல்களில் வழக்கம் இதுதான்: கடைசி நாள் பிற்பகலில் அறைக்கு வண்ண அட்டைகளோ எண் போட்ட அட்டைகளோ வரும். பெட்டியின் கைப்பிடியில் கட்டி, அவர்கள் சொன்ன நேரத்துக்குள் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். பெரும்பாலும் நள்ளிரவுக்கு முன். ஊழியர்கள் இரவோடு இரவாக எடுத்துப்போய், காலையில் முனையத்தில் அதே வண்ணத்தின்படி அடுக்கி வைப்பார்கள். குறுகலான நடைவழியில் கதவுக்குக் கதவு பெட்டிகள் நிற்பதைப் பார்த்தால் கல்யாண மண்டப வாசலில் செருப்பு கிடக்கிற மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஒரு மீட்டர் துணி வாங்கி, கிழித்துக் கைப்பிடிகளில் கட்டுங்கள். பூட்டைவிட அது பெரிய பாதுகாப்பு.

பெட்டியைக் கொடுத்துவிட்டால் இறங்கும்வரை கண்ணில் படாது. இதை மறந்தவர்கள் எல்லாக் கப்பலிலும் உண்டு. எங்கள் உறவினர் ஒருவர் எல்லாத் துணிகளையும் பெட்டியில் வைத்து வெளியே தள்ளிவிட்டு, லுங்கியும் பனியனுமாகத் தூங்கி எழுந்தார். காலைச் சிற்றுண்டிக்கு அந்தக் கோலத்தில் போக முடியாமல், மருமகனின் டீ-சட்டைக்குள் நுழைந்துகொண்டு குடிநுழைவு (இமிகிரேஷன்) அதிகாரி முன்னால் போய் நின்றார். சட்டையில் ஒரு பெரிய டைனோசர். அதிகாரி நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நாங்கள்தான் இன்னும் விடவில்லை.

கையில் வைத்துக்கொள்ளும் பைக்குள் இருக்க வேண்டியவை: காலையில் உடுத்தும் உடை, உள்ளாடை, செருப்பு, இரவு மாத்திரையும் காலை மாத்திரையும், சர்க்கரைக்காரருக்கு இன்சுலினும் இரண்டு பிஸ்கட்டும், பாஸ்போர்ட் அல்லது ஆதார், நகை, போன் சார்ஜர், வீட்டுச் சாவி. கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். சாவி பெரிய பெட்டிக்குள், பெட்டி முனையத்தில் எங்கோ, குடும்பம் வீட்டு வாசலில் என்ற கதை நம் தெருக்களில் நடந்தே இருக்கிறது.

நீச்சல் குளத்துக்கான துணியைக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு மேல் நனைக்காதீர்கள். ஈரத்துணியைப் பெட்டியில் வைத்தால் இரண்டே நாளில் வாடை பிடித்துவிடும், கூட இருக்கும் பட்டுப்புடவைக்கும் சேர்த்து. வேறு வழியே இல்லையென்றால் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள்.

குடும்பத்தில் ஆள் பலம் இருந்து, பெட்டிகளும் சிறியவையாக இருந்தால், வெளியே வைக்காமல் நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கும் வழியும் பல கப்பல்களில் உண்டு. முதலில் இறங்க விடுவது பெரும்பாலும் அவர்களைத்தான். எனக்குப் பிடித்த முறை அதுதான். ஆனால் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குழந்தைகள் இருந்தால் அந்த வீரம் வேண்டாம்.

விடியற்காலை: மேல்தளத்துக்கு ஏறுங்கள்

கப்பல் துறைமுகத்துக்குள் தானாக நுழைந்துவிடாது. கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுகத்தின் பைலட் ஒருவர் சிறு படகில் வந்து, பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் ஏறுவார். பிறகு இழுவைப் படகுகள் ஒட்டிக்கொள்ளும். கப்பல் மெதுவாக ஊர்கிற அந்த நேரத்தை அறைக்குள் கழித்துவிடாதீர்கள். கிழக்கிலிருந்து வருவதால் சூரியன் உங்கள் முதுகில், வெளிச்சம் முழுக்க ஊரின் முகத்தில். உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் தெரியும்; அவற்றில் உயரமான கோபுரத்தில்தான் 1894 முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. இன்றைய மெரினா விளக்கம் 1977இல் வந்தது. வலப்பக்கம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துப் படகுகள், அதற்கும் வடக்கே எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். பிறந்து வளர்ந்த ஊரைக் கடலிலிருந்து பார்ப்பது மீனவர்களுக்கு அன்றாடம். மற்றவர்களுக்கு இதுதான் சந்தர்ப்பம்.

நம் தாத்தாக்கள் இதே கரைக்கு வேறு விதமாக வந்து இறங்கினார்கள். பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம்வரை பயணிகளைக் கொண்டுவந்து இறக்கியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்ட பிறகு அந்தப் போக்குவரத்து நின்றேபோனது. அந்தமானுக்கு மட்டும் இன்றும் இங்கிருந்து பயணிகள் கப்பல் போகிறது. ஆளைச் சுமக்கிற கப்பல் இந்தத் துறைமுகத்துக்குப் புதிதல்ல, பொழுதுபோக்குக்காக ஆள் ஏறுவதுதான் புதிது.

காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குள் அறையைக் காலி செய்யுங்கள். அலமாரிக்குள், தலையணைக்கு அடியில், குளியலறைக் கதவின் பின்னால், லாக்கருக்குள். இந்த நான்கு இடங்களையும் ஒருவர் பார்த்த பிறகு இன்னொருவரும் பார்க்க வேண்டும். பல்செட்டும் கண்ணாடியும் குளியலறையில்தான் தங்கிப்போகும்.

இறங்கும் வரிசை

கப்பல் கயிறு கட்டி நின்றுவிட்டது, இனி இறங்க வேண்டியதுதான் என்று வாசலில் போய்க் கும்பல் போடுவது நம் சுபாவம். அதிகாரிகள் அனுமதி தந்த பிறகே பயணிகளை விடுவார்கள். அதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். உங்கள் அட்டையின் வண்ணத்தையோ எண்ணையோ அறிவிக்கும்வரை காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்திருங்கள். பெட்டியும் அந்த வரிசைப்படிதான் வெளியே வந்திருக்கும். முன்னால் போனாலும் அதற்காகக் காத்துக்கிடக்கத்தான் வேண்டும். ஆகவே "கப்பல் ஆறு மணிக்கு வருகிறது" என்று டிக்கெட்டில் இருந்தால், ஆறு மணிக்கே வாசலுக்கு வந்து நிற்கும்படி மச்சானை வரச் சொல்லாதீர்கள். பாவம் அவர்.

உள்நாட்டுப் பயணமென்றால் குடிநுழைவுச் சோதனை இல்லை. அடையாள அட்டையும் கப்பல் அட்டையும் கையில் இருந்தால் போதும். துறைமுகம் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கும் இடம். கிரேனையும் கன்டெய்னரையும் பின்னணியாக வைத்து ரீல்ஸ் எடுக்கும் ஆசையைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இலங்கை போய்வந்தால் கதை வேறு. வெளிநாட்டுப் பயணங்களில் பல கப்பல்கள் பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்கின்றன. எப்போது, எந்தத் தளத்தில் திருப்பித் தருவார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். வாங்கியதும் அந்த இடத்திலேயே திறந்து படத்தைப் பாருங்கள். ஒரே குடும்பத்தில் நாலு பாஸ்போர்ட் இருக்கும்போது பக்கத்து அறைக்காரருடையது ஒன்று நடுவில் கலந்துவிடுவது பெரிய விஷயமில்லை, வரிசையின் முனைக்குப் போன பிறகு கண்டுபிடிப்பதுதான் பெரிய விஷயம்.

சுங்கத்தில் நம்மவர்களுக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் தங்கத்தால்தான். வெளிநாட்டிலிருந்து வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கியிருந்து திரும்புகிறவர்களுக்கு உரியது. ஒரு வாரம் உல்லாசமாகப் போய்வந்தவருக்கு அது கிடையாது. அப்படியானால் கழுத்தில் போட்டுக்கொண்டு போன சங்கிலி? போகும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது கேள்வி எழாது. என்னைக் கேட்டால், தாலியும் தோடும் போதும், ஆரத்தை வங்கி லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். கடல் காற்றில் ஆரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

மது ஆளுக்கு 2 லிட்டர், சிகரெட் 100 என்பது வரியில்லா அளவு. பிள்ளைகளின் கணக்கில் பாட்டில் சேர்க்க முடியாது. மற்றப் பொருள்களின் மதிப்பு வரம்பை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. கிளம்பும் வாரத்தில் சுங்கத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தூளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. செடி, விதை, பச்சை இறைச்சி வேண்டாம். அங்கே வாங்கிய பில்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுக வாசலிலிருந்து வீடு

கடல் முழுவதும் சுகமாகக் கடந்தவர்கள் சண்டை போட்டுக்கொள்வது இந்த இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எந்த வாசல் என்பது. சென்னைத் துறைமுகத்துக்கு வாசல்கள் பல, அவை ராஜாஜி சாலை நெடுகப் பரவிக் கிடக்கின்றன. போர் நினைவுச் சின்னத்தின் பக்கம் ஒரு கோடி, காசிமேட்டுப் பக்கம் மறு கோடி. "துறைமுக வாசல்" என்று மட்டும் சொன்னால் வண்டிக்காரர் ஒரு வாசலில் நிற்பார், நீங்கள் இன்னொன்றில் நிற்பீர்கள். பயணிகளை எந்த எண் வாசலில் விடுவார்கள், வெளி வண்டி முனையம்வரை வரலாமா, இல்லை உள்ளே ஓடும் வண்டியில் வாசலுக்கு வர வேண்டுமா என்று கப்பலில் இருக்கும்போதே கேட்டு, அந்த எண்ணைச் சொல்லி வண்டியை அழையுங்கள். பெட்டி கைக்கு வந்த பிறகு அழைத்தால் போதும்.

வாடகைக் கார் செயலிகளில் இன்னொரு தொல்லை. இரண்டு கிலோமீட்டர் சவாரி என்றதும் ஓட்டுநர்கள் ஏற்க மறுப்பார்கள், அல்லது போன் செய்து "எங்கே போக வேண்டும் சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். தாம்பரம் போகிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நமக்குக் கைகொடுப்பது தெருமுனை ஆட்டோக்காரர்தான். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகிற அண்ணனிடம் கிளம்பும் முன்பே நாளைச் சொல்லி, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து ஒரு தொகை பேசிவிடுங்கள். "அண்ணே, நான் போன் செய்த பிறகு கிளம்பினால் போதும்" என்றால் அவருக்கும் சவாரி கெடாது. நான்கு பெட்டிக்கு மேல் இருந்தால் இரண்டு ஆட்டோ, அல்லது ஒரு சிறிய சரக்கு வண்டி. பெட்டியை வண்டியில் ஏற்றிப் பெரிய மகனை அதோடு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் கைவீசிக்கொண்டு வரலாம்.

ராயபுரம், காசிமேடு, கல்மண்டபம் போகிறவர்கள் லாரியைக் கணக்கில் எடுக்க வேண்டும். துறைமுகத்தின் வடக்கு வாசலுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் சூரியநாராயண செட்டி தெருப் பக்கமும் வரிசை கட்டிவிட்டால் ஆட்டோ நகராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இதோடு காசிமேட்டுக்கு மீன் வாங்க வரும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அன்று உள்தெருக்கள் வழியாகப் போவதே மேல்.

தண்டையார்ப்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர்க்காரர்களுக்கு மெட்ரோ இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை தடம் நீண்ட பிறகு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்ணடி நிலையத்தில் ஏறினால் தேரடி வாசலிலேயே போய் இறங்கலாம். ஆனால் மண்ணடி நிலையம் பிரகாசம் சாலையில் இருக்கிறது. ராஜாஜி சாலையைக் கடந்து, தள்ளுவண்டியும் சுமைக்காரரும் முட்டிக்கொள்ளும் மண்ணடித் தெருக்களில் சக்கரப் பெட்டியை உருட்டுவது சின்ன வேலை இல்லை. ஆளுக்கு ஒரு சிறு பெட்டி என்றால் மெட்ரோ; அதற்கு மேல் என்றால் ஆட்டோ.

பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்துக்குக் கடற்கரை நிலையத்திலிருந்து அரக்கோணம் தடத்து மின்ரயில்கள் உண்டு. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி ஜீவா என்று நின்று பெரம்பூர் போகும். வழியில் வரும் ராயபுரம் நிலையம் 1856இல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கப்பலில் கூட வந்த வெளியூர்க்காரர் ரயிலிலேயே போவதானால் ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். எண்ணூர், மீஞ்சூர் போகிறவர்கள் கவனிக்க: கும்மிடிப்பூண்டித் தடத்து ரயில்கள் பெரும்பாலும் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்துதான் கிளம்பும்.

ஐப்பசி, கார்த்திகையில் திரும்புவதானால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். புயல் சின்னம் உருவானால் கப்பலின் நேரமும் பாதையும் மாறலாம். நல்ல மழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், வியாசர்பாடிக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். மறுநாளே முக்கியமான தேர்வோ நிச்சயதார்த்தமோ இருந்தால் அந்த மாதங்களில் கப்பல் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சிங்கப்பூரில் இறங்கி விமானம் ஏறுகிறவர்களுக்கு

கப்பல் காலையில் வந்துவிடும் என்று நம்பி மதிய விமானத்துக்கு டிக்கெட் எடுப்பது சூதாட்டம். மாலைக்கு மேல் கிளம்பும் விமானமே சரி. கப்பலில் கிளம்பி மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைவதும் ஒரு வருகைதான். ஆகவே பலமுறை நுழையும் விசா இருக்க வேண்டும். வருகை அட்டையையும் இணையத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பலாம். கப்பலில் இணையக் கட்டணம் கொள்ளை என்பதால் கரையில் இணைப்பு கிடைக்கும்போதே நிரப்பிவிடுங்கள். கப்பல் கடையில் வாங்கிய பாட்டிலை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

மீனம்பாக்கத்திலிருந்து வடசென்னைக்கு வருவது ஒரு காலத்தில் அரைநாள் வேலை. இப்போது விமான நிலையத்தில் ஏறினால் நீலத் தடத்தில் மாறாமல் விம்கோ நகர்வரை வரலாம். 2021இல் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். காருக்குக் கொடுப்பதில் மிச்சப்படும் பணத்தில் வீடு வரை ஆட்டோ வைத்துக்கொண்டு வஞ்சிரமும் வாங்கலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: இரவு பத்து மணிக்கு இறங்கும் விமானமென்றால் குடிநுழைவு, பெட்டி, சுங்கம் முடிவதற்குள் கடைசி ரயில் போய்விடலாம். அன்றைக்குக் கார்தான்.

போனை விமானப் பயன்முறையிலிருந்து எடுப்பதிலும் அவசரம் வேண்டாம். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் போன் ஒட்டிக்கொண்டால் பில் எகிறும். நம் ஊர் நிறுவனத்தின் பெயர் திரையில் தெளிவாகத் தெரிந்த பிறகு மாற்றுங்கள்.

கதவைத் திறந்ததும்

ஆயாவோ அத்தையோ வாசலிலேயே நிறுத்திச் சூடம் சுற்றிப் போடுவார்கள். பெட்டியைக் கீழே வைக்காமல் நில்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

ஜன்னல்களைத் திறந்த பிறகு முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். நம் பக்கத்து வீடுகளில் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைத்துவிட்டுப் போயிருப்போம். மூடி சரியாக இல்லாத டிரம்மில் ஒரு வாரத்தில் கொசுப் புழு நெளியும். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. கொட்டிவிட்டு, உள்பக்கத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு புதுத் தண்ணீர் பிடியுங்கள். வெறுமனே கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.

துணிப் பெட்டியை வீட்டுக்குள் திறக்காமல் மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ திறப்பது நல்லது. சாப்பாட்டுக்கு மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் போதும். மூன்று வேளையும் பஃபே வரிசையில் நின்ற வயிறு அதைத்தான் கேட்கும். மீன் குழம்பு வேண்டுமென்று அடம் பிடிப்பவர்கள் மாதத்தைப் பாருங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் விசைப்படகு மீன் வராது, வருவதும் யானை விலை.

தரை ஆடினால்

வீட்டுக்கு வந்து குளிக்கும்போது கண்ணை மூடினால் கப்பலில் நிற்பது போலவே ஆடும். பயப்பட வேண்டாம். பல நாள் அசைவுக்குப் பழகிய மூளை, அசையாத தரையிலும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதுவரை இருசக்கர வாகனம் வேண்டாம், முதியவர்கள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தே ஏற வேண்டும். குமட்டலுக்குச் சாப்பிட்ட மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதையும் மனதில் வையுங்கள். படுத்துக் கிடப்பதைவிட மெதுவாக நடப்பது நல்லது. அதற்கு மேலும் நாள் கணக்கில் நீடித்தாலோ, தலைசுற்றலோடு காது இரைச்சலும் இருந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

இறங்கிய ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அது கப்பலில் பரவும் நோரோ வைரஸாக இருக்கலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கத் தொடங்குங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கைக்குப் பூசும் சானிடைசர் இந்தக் கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது. பாதித்தவர் குணமான பிறகும் இரண்டு மூன்று நாள் சமையலறைப் பக்கம் வரக்கூடாது, அவர் குடும்பத் தலைவியாக இருந்தாலும் சரி. இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால் மருத்துவரிடம் "கப்பலில் போய்வந்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளும் எழுதும் பரிசோதனைகளும் அதனால் மாறும்.

அடுத்த இரண்டு வாரம்

பெட்டி உடைந்திருந்தாலோ வராமல் போனாலோ முனையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் கொடுத்து, நகல் வாங்கியிருக்க வேண்டும்; வீட்டுக்கு வந்து போனில் சொல்வது எடுபடுவது கஷ்டம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அந்த நகலையும் படங்களையும் உடனே அனுப்புங்கள். பெட்டியில் கட்டிய வண்ண அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள், அதுவும் ஒரு சான்றுதான்.

கப்பலில் நிறுத்தி வைத்த தொகை விடுபட்டதா, இறுதி பில்லும் கார்டு கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பத்து நாள் கழித்து ஒருமுறை பாருங்கள். கப்பலை விட்டு இறங்கிய பிறகு புதிதாக ஒரு தொகை ஏறியிருந்தால், கடைசி நாள் மாலை வாங்கிய அந்தக் காகித பில்லைப் படம் எடுத்து, வங்கிக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். வங்கிக்கு எழுதும்போது கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும்.